பாதாம் பருப்பில் புழு எங்கிருந்து வருகிறது?

அரைக் கிலோ பாதாம் வாங்கிச் சென்ற வாடிக்கையாளர் இரண்டாம் நாளே திரும்பி வருகிறார். பொட்டலத்தைக் கல்லா மேஜை மீது கொட்டுகிறார். நாலைந்து பருப்புகளில் துளை. உள்ளே நூலாம்படை போல் இழை, பழுப்புத் தூள். "பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்களே அண்ணாச்சி" என்கிறார். நாமோ மூட்டையை நேற்றுத்தான் பிரித்தோம். மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுக்கிறோம். பிறகு மொத்த வியாபாரியிடம் போய்ச் சொன்னால், "உங்கள் கடையில் பிடித்த பூச்சிக்கு நான் என்ன செய்ய?" என்கிறார் அவர். நம்மிடம் பதில் இல்லை.

பதில் அந்தப் பருப்பிலேயே இருக்கிறது. எந்தப் பூச்சி, எங்கே, எப்போது கடித்தது என்பதைப் பருப்பைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு முதலில் பாதாம் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். மிளகாயையும் பருப்பையும் விளையும் ஊர் வரை விசாரித்து வாங்குகிற நாம், இத்தனை விலை கொடுத்து வாங்கும் பாதாமைப் பற்றி விசாரிப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பாடம்.

சரக்கு விளையும் இடம்

உலகில் விளையும் பாதாமில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கேயும் மாநிலம் முழுவதும் பாதாம் கிடையாது. சென்ட்ரல் வேலி என்ற நீண்ட பள்ளத்தாக்கில்தான் தோட்டங்கள் உள்ளன. மொடெஸ்டோ, பிரெஸ்னோ, பேக்கர்ஸ்பீல்டு ஆகிய ஊர்களைச் சுற்றிப் பார்க்கும் பக்கமெல்லாம் பாதாம் மரங்களே. குளிர்காலத்தில் மழை, கோடையில் ஒரு துளி மழையும் இராது, வெயில் கொளுத்தும். அந்த ஊர்ப் பாதாமை அதிகமாக வாங்கும் வெளிநாடு இந்தியாதான். நாம் வாங்குவதில் பெரும்பகுதி ஓட்டுடன் கப்பலேறி, இங்கே வந்து உடைக்கப்பட்டுப் பருப்பாகிறது.

பிப்ரவரியில் மரம் பூக்கிறது. காய் பார்வைக்குச் சிறு மாவடு போல, பச்சைத் தோலுடன் இருக்கும். பச்சைத் தோலுக்குள் ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. ஜூலையில் பச்சைத் தோல் வெடித்து வாய் திறக்கிறது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அறுவடை. இந்த நான்கு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் புழுவின் வரலாறு எளிதில் விளங்கும்.

எதிரி யார்?

கலிபோர்னியாப் பாதாமின் முதல் எதிரி 'நேவல் ஆரஞ்சுப் புழு'. சாம்பல் நிறமுள்ள ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு இது. 1942ல் கலிபோர்னியாவில் முதன்முதலாகத் தென்பட்டது. நேவல் ஆரஞ்சுப் பழத்தில் காணப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அதன் கொள்ளை நடப்பதோ பாதாமிலும் பிஸ்தாவிலும் வால்நட்டிலும்தான்.

இந்தப் பூச்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. பச்சைத் தோல் மூடியுள்ள நல்ல காய்க்குள் இது நுழைய முடியாது. தோல் வெடித்து வாய் திறந்த பிறகே முட்டையிட்டுப் பருப்பைத் தொட முடியும். அப்படியானால் அறுவடை முடிந்த நவம்பர் முதல் அடுத்த ஆண்டு ஜூன் வரை, எட்டு மாதம், இந்தப் புழு தோட்டத்தில் எதைத் தின்று உயிரோடிருக்கிறது?

அறுவடையின்போது எவ்வளவு உலுக்கினாலும் சில காய்கள் மரத்தை விட்டு விழுவதில்லை. கிளையிலேயே காய்ந்து கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். எகிப்தில் பதம் செய்து வைத்த பிணங்களைப் போல் இருப்பதால் அங்குள்ள விவசாயிகள் இவற்றை 'மம்மி' என்கிறார்கள். நாம் 'தங்கல் காய்' என்று சொல்லிக்கொள்வோம். மரத்தில் ஒட்டியதும் தரையில் கிடப்பதுமான இந்தத் தங்கல் காய்களுக்குள் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பூச்சியாகிப் பறந்து, மறுபடியும் தங்கல் காயிலேயே முட்டையிடுகிறது. அந்த முட்டைகளின் வம்சம் பூச்சியாகிப் பறக்கும் நேரமும் புதுக்காய் தோல் வெடிக்கும் நேரமும் ஜூலையை ஒட்டி ஒன்றாக வந்து சேர்கின்றன. அன்று முதல் புதுச்சரக்கு அதன் வசம். அறுவடைக்குள் இன்னும் ஒன்றிரண்டு தலைமுறை பெருகிவிடும்.

கடைக்காரராகிய நமக்கு இது புதிய செய்தியல்ல. ஆண்டுக் கணக்கு முடிந்த பின்னும் கிடங்கு மூலையில் கிடக்கும் அரைமூட்டைதானே அடுத்த மாதம் வரும் புதுச்சரக்கைக் கெடுக்கிறது! தோட்டத்து 'டெட் ஸ்டாக்' இந்தத் தங்கல் காய்.

குளிர்காலக் கணக்கெடுப்பு

ஆகவே அங்கே பூச்சி வேலை ஜூலையில் தொடங்குவதில்லை, குளிர்காலத்தில் தொடங்குகிறது. மருந்துக் குப்பியைத் தொடுவதற்கு முன் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரே ரகம் நட்டுள்ள ஒரு பாத்தியில் 20 மரங்களைத் தேர்ந்து, இலையுதிர்ந்த கிளைகளில் எத்தனை தங்கல் காய் உள்ளன என்று அண்ணாந்து பார்த்து எண்ணி, சராசரி போடுகிறார்கள்.

மரத்துக்கு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு. பூச்சித் தொல்லை மிகுந்த தென்பகுதியில் அதுவும் போதவில்லை. ஐந்து மரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு இறக்க வேண்டும் என்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மரங்கள் நிற்கும் ஓர் ஏக்கரில் இருபது முப்பது காய்தான் மிஞ்சலாம் என்றால், எவ்வளவு கண்டிப்பு என்று பாருங்கள்.

எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் இயந்திரத்தால் மரத்தை உலுக்குகிறார்கள். அதிலும் விழாததை ஆட்கள் நீண்ட கழியால் தட்டுகிறார்கள். பிப்ரவரி 1க்குள், மொட்டு பருக்கும் முன், இந்த வேலை முடிய வேண்டும். பிந்தினால் உலுக்கும்போது மொட்டும் உதிரும். அந்த ஆண்டு விளைச்சல் போய்விடும். விழுந்த காயை அப்படியே விட்டாலும் பயனில்லை. வரிசைகளுக்கு நடுவே கூட்டித் தள்ளி, மார்ச் நடுப்பகுதிக்குள் இயந்திரத்தால் நொறுக்கிவிட வேண்டும். தரையில் கிடக்கும் காயும் புழுவுக்கு வீடுதான்.

இதில் மழைக்கும் பங்குண்டு. மூடுபனியிலும் தூறலிலும் ஊறிய தங்கல் காய் எளிதில் விழும். ஆனால் மழை ஓயாமல் பெய்து தரை சேறானால் இயந்திரம் தோட்டத்துக்குள் இறங்க முடியாது. 2022-23 குளிர்காலத்தில் அதுதான் நடந்தது. தொடர் மழையால் பல தோட்டங்களில் தங்கல் காயை இறக்க முடியவில்லை. அறுவடையும் தாமதப்பட்டது. 2023ஆம் ஆண்டுச் சரக்கில் பூச்சிச் சேதம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

இதில் மொத்த வியாபாரிகளுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு நம்மிடம் வரும் புதுப் பாதாமின் தரத்தில் பாதி, அதற்கு முந்தைய ஜனவரியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சென்ட்ரல் வேலியில் குளிர்கால மழை எப்படி, தோட்டம் சுத்தம் செய்ய முடிந்ததா என்று கேட்டறிந்தால், அந்த ஆண்டு கொள்முதலில் மாதிரியை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

பொறி வைத்து எண்ணுதல்

சுத்தம் செய்த பின்னும் கொஞ்சம் பூச்சி இருக்கத்தான் செய்யும். அது எப்போது பறக்கிறது, எப்போது முட்டையிடுகிறது என்று அறியப் பொறிகள் உதவுகின்றன. பழைய முறை முட்டைப் பொறி. கறுப்புப் பிளாஸ்டிக் குழலில் பாதாம் பொடியும் சிறிது பாதாம் எண்ணெயும் கலந்து அடைத்து மரத்தில் கட்டுகிறார்கள். மணத்துக்கு வரும் தாய்ப்பூச்சி, காய் என்று நினைத்துக் குழலின் மேல் முட்டையிடும். 10 ஏக்கருக்கு ஒரு பொறி. தோட்டம் சிறிதானாலும் நான்குக்குக் குறையாமல். வாரம் இருமுறை முட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். இட்டவுடன் வெள்ளையாக இருக்கும் முட்டை, பொரியும் முன் ஆரஞ்சு கலந்த சிவப்பாகும். பெண்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண்பூச்சியைப் பிடிக்கும் ஒட்டுப் பொறிகளும் இப்போது பயன்படுகின்றன.

அடுத்த தலைமுறை எந்த நாளில் வரும் என்பதற்கு ஒரு வெப்பக் கணக்கு இருக்கிறது. நம் பேரேட்டைப் போன்ற கணக்கு அது. பூச்சியின் வளர்ச்சி வெப்பத்தைப் பொறுத்தது. 55 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (சுமார் 13 டிகிரி செல்சியஸ்) கீழே அது வளர்வதில்லை. அதற்கு மேல் உள்ள வெப்பம் ஒவ்வொரு நாளும் வரவு. ஒரு நாள் உச்ச வெப்பம் 85, இரவில் குறைந்தது 55 என்றால் சராசரி 70. அதில் 55 போக அன்றைய வரவு 15. தங்கல் காயில் வளரும் தலைமுறைக்கு 1,056 அலகு சேர வேண்டும். நாளுக்கு 15 வீதம் சேர்ந்தால் சுமார் 70 நாள். புதுப்பருப்பு சத்துள்ள உணவு. அதில் வளர 723 அலகே போதும். உச்சம் 90, குறைந்தது 60 உள்ள கோடை நாளில் வரவு 20. அப்படியானால் சுமார் 36 நாளில் ஒரு தலைமுறை! வெயிலும் ஏறி, தீனியும் நன்றானால் பூச்சி எத்தனை வேகமாகப் பெருகுகிறது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

பொறியில் முட்டை கூடத் தொடங்கிய நாளைத் தொடக்க நாளாக வைத்து இந்த வரவைக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். 'போன ஆண்டு இந்தத் தேதியில் மருந்தடித்தோம், இந்த ஆண்டும் அதே தேதி' என்ற பேச்சு அங்கே இல்லை.

தோல் வெடிக்கும் நாட்கள்

ஜூலை நெருங்கும்போது எல்லார் கண்ணும் மரத்தின் உச்சியில். தென்மேற்கு வெயில் படும் உச்சிக் கிளையில்தான் தோல் முதலில் வெடிக்கும். பருப்பில்லாத பொக்குக் காய்கள் நல்ல காய்க்குச் சில நாட்கள் முன்பே வெடித்து எச்சரிக்கை கொடுக்கும். நல்ல காய் வெடிக்கத் தொடங்கியதும், பொறியில் முட்டையும் விழுவதாக இருந்தால், அதுவே மருந்தடிக்கும் நேரம். பிந்தினால் புழு பருப்புக்குள் போய்விடும். அதன்பின் எந்த மருந்தும் அதை எட்டாது.

அடிக்கும் விதத்திலும் கணக்குண்டு. மருந்து உச்சிக் காய் வரை போய்ப் படிய வேண்டுமானால் டிராக்டர் மணிக்கு இரண்டு மைல், அதாவது மூன்று கிலோமீட்டர் சொச்சம், என்ற வேகத்தில்தான் போக வேண்டும். மனிதன் நடப்பதைவிட மெதுவான வேகம் அது. அவசரமாக ஓட்டினால் கீழ்க்கிளை நனையும். பூச்சி உள்ள உச்சி காய்ந்தே இருக்கும்.

விலை மலிவாகக் கிடைக்கும் பைரித்ராய்டு மருந்துகளை அடித்துத் தள்ளியவர்களுக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, அந்த மருந்து சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொன்றுவிட, சிலந்திப்பேன் பெருகி இலையெல்லாம் உதிர்ந்தது. இரண்டு, தெற்கே கெர்ன் மாவட்டத்தில் புழுவே அந்த மருந்துக்குப் பழகிப்போனது. ஆகையால் இப்போது புழுவை மட்டும் குறிவைக்கும் மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் பரவலாக இருந்த குளோர்பைரிபாஸ் மருந்தைக் கலிபோர்னியாப் பாதாம் தோட்டங்களில் அடிப்பது 2020 முடிவோடு நின்றுபோனது. பிப்ரவரியில் மரம் பூத்திருக்கும்போது தேனீப் பெட்டிகள் ஏக்கருக்கு இரண்டு வீதம் தோட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பூச்சி மருந்தைத் தவிர்க்கிறார்கள். தேனீ செத்தால் காய் ஏது?

அறுவடையில் ஒரு போட்டி

தோல் வெடித்த காய் மரத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் புழுவுக்கு லாபம். காய் முற்றியதும் தாமதிக்காமல் உலுக்கிவிட்டால், அடுத்த தலைமுறைப் பூச்சி முட்டையிட வரும்போது மரத்தில் காய் இராது. செலவில்லாத மருந்து இது.

உலுக்கிய காய் தரையில் கிடந்து காய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அப்போது வருகிறது எறும்பு. எறும்பு ஓட்டின் வாய்வழியே புகுந்து பருப்பைச் சுரண்டித் தின்று தோலை மட்டும் மிச்சம் வைக்கும். அதற்கு அறுவடைக்குச் சில வாரம் முன்பே எறும்புப் புற்றுகளை எண்ணி, தேவையானால் இரை மருந்து வைக்கிறார்கள்.

இங்கே ரகத்துக்கும் பங்குண்டு. நம் சந்தையில் பெயர் பெற்ற 'நான்பரேல்' ரகத்தின் ஓடு மென்மையானது, கையால் நொறுக்கலாம், வாய் முழுவதும் மூடியிராது. பருப்பு அழகாக, முழுசாக வருவதும் அதனால்தான். புழுவும் எறும்பும் எளிதில் நுழைவதும் அதனால்தான். மிஷன் போன்ற கடின ஓட்டு ரகங்களில் சேதம் குறைவு.

அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் சுமார் 500 காய் எடுத்து உடைத்து, எத்தனை சொத்தை, எந்தப் பூச்சியால் சொத்தை என்று எழுதி வைக்கிறார்கள். அவர்களுடைய ஆண்டு இருப்புக் கணக்கு அது. ஏக்கருக்கு 2,000 பவுண்டு பருப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு சதவீதச் சொத்தை என்பது 20 பவுண்டு, சுமார் 9 கிலோ. நூறு ஏக்கருக்கு 900 கிலோ. போதாததற்கு, சொத்தை சதவீதம் ஏற ஏற ஆலைக்காரர் தரும் விலையும் இறங்கும். ஆகவே எண்ணுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கல்ல, பணம்.

அடுத்த தோட்டம்

இத்தனையும் செய்த ஒருவருடைய தோட்டத்திலும் புழு வரக்கூடும். பக்கத்துத் தோட்டக்காரர் தங்கல் காயை இறக்காவிட்டால்! அந்துப்பூச்சிக்கு வேலி தெரியாது. பாதாம் விலை சரிந்த ஆண்டுகளில் கவனிப்பாரற்று விடப்பட்ட தோட்டங்கள் சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் பூச்சி வளர்க்கும் பண்ணைகளாயின.

பெண்பூச்சியின் வாசனையைத் தோட்டம் முழுவதும் பரப்பி, ஆண்பூச்சி துணை தேட முடியாமல் குழப்பும் ஒரு முறையும் வந்திருக்கிறது. பல தோட்டங்கள் சேர்ந்து பெரிய பரப்பில் செய்தால்தான் அதில் முழுப் பலன். நம் கடைத்தெருவிலும் கதை இதுவே. சுவர் ஒட்டிய இரண்டு கிடங்குகளில் ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் வண்டு அடுத்த வாரம் விருந்துக்கு வந்துவிடும்.

2023ல் கலிபோர்னியாவில் இன்னொரு புதிய எதிரியும் கண்டுபிடிக்கப்பட்டது. கார்போபிலஸ் என்ற சிறு வண்டு. அதற்கு முன்பே ஆஸ்திரேலியப் பாதாம் தோட்டங்களை வாட்டியது. பருப்பை மாவு போல் பொடியாக்கிவிடும். வாழ்நாளில் பெரும்பகுதியைக் காய்க்குள்ளேயே கழிப்பதால் மருந்து அதன்மேல் படுவது அரிது. இதற்கும் முதல் வைத்தியம் தங்கல் காயை இறக்கி நொறுக்குவதே. புதுப் பூச்சி வந்தாலும் பழைய பாடம் மாறவில்லை.

பருப்பைப் பார்த்துப் பூச்சியை அறிதல்

இனி நம் மூட்டைக்கு வருவோம். சொத்தைப் பருப்பைக் கத்தியால் பிளந்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

1. ஆழமான சுரங்கம், உள்ளே இழை, நிறைய எச்சத்தூள்: நேவல் ஆரஞ்சுப் புழு. ஒரே பருப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட புழுக்கள் இருந்த தடயமும் காணலாம். புழு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும்; தலை செம்பழுப்பு; தலைக்குச் சற்றுப் பின்னே பிறை போன்ற கறை இருக்கும்.

2. மேற்பரப்பில் மட்டும் ஆழமில்லாத வாய்க்கால்: பீச் குருத்துப் புழு. பழுப்பு உடலில் வெளிர் வளையங்கள், கறுத்த தலை.

3. பருப்பு குடையப்பட்டுத் தோல் மட்டும் மிச்சம், இழை இல்லை: எறும்பு.

4. துளை இல்லை, கறுத்த புள்ளி அல்லது சுருங்கிய பருப்பு: காய் இளசாக இருக்கும்போது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி.

இந்த நான்கும் தோட்டத்துச் சேதம். கப்பலேறும் முன் சரக்குக்குப் புகை மூட்டம் போடுவதால், புழு இருந்தாலும் செத்துக் காய்ந்திருக்கும். சேதம் பருப்புக்குள் அடங்கியிருக்கும். பக்கத்துப் பருப்புக்குப் பரவாது. நேவல் ஆரஞ்சுப் புழு தோட்டத்துப் பூச்சி. கிடங்கில் பெருகுவது அதன் வழக்கமல்ல.

5. நாலைந்து பருப்புகளைச் சேர்த்துப் பின்னிய இழை, மூட்டை வாயில் வலை, கடைக்குள் பறக்கும் சிறு அந்துப்பூச்சி: இது சேமிப்புக் கிடங்குப் பூச்சி.

6. ஓடித் திரியும் சிறு பழுப்பு வண்டுகள், உடைந்த பருப்பில் கூட்டம்: மாவு வண்டு போன்றவை. இவையும் கிடங்கில் வந்தவையே.

முதல் நான்கு என்றால், மாதிரியை எடுத்துக்கொண்டு மொத்த வியாபாரியிடம் தைரியமாகப் பேசலாம். ஐந்தும் ஆறும் என்றால், உயிருள்ள பூச்சி எந்தக் கிடங்கில் ஏறியது என்று நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். மூட்டை நம்மிடம் இரண்டு மாதம் கிடந்திருந்தால் பழியை நாமே ஏற்பதுதான் முறை.

பொறுக்கியதை என்ன செய்வது?

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. சொத்தையைப் பொறுக்கி எடுத்த பின், அதைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை. கிலோ விலை அப்படி. 'பொடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்' என்று பாதாம் பால் பொடிக்கும் இனிப்புக் கடைக்கும் மலிவாகத் தள்ளிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யக் கூடாது.

புழு துளைத்த பருப்பில் பூசணம் பிடிக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் வித்தைப் புழுவே சுமந்துகொண்டு உள்ளே போகிறது. அந்தப் பூசணம் உண்டாக்கும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். நாளடைவில் புற்றுநோயும் உண்டாக்கும். நேரடியாக உண்ணும் பாதாமில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பா. அமெரிக்க அரசின் அளவு 20. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, வறுத்தாலும் காய்ச்சினாலும் முழுவதும் அழியாது.

ஒரு மூட்டையில் இந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பூச்சி கடித்த, பூசணம் பிடித்த சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். நாம் பொறுக்கி எடுத்த அந்தக் கைப்பிடிச் சொத்தைதான் மூட்டையிலேயே ஆபத்தான பகுதி. அதைப் பொடித்துக் குழந்தைகள் குடிக்கும் பாலில் கலப்பது எத்தகைய செயல் என்று சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடிச் சொத்தையின் விலை நூறோ இருநூறோ. கடைப் பெயரின் விலை அதுவல்ல.

கடையில் கைக்கொள்ள வேண்டியவை

1. மூட்டையைப் பிரித்ததும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து நூறு நூறு பருப்பு எடுத்து, மொத்தம் 300 எண்ணுங்கள். மூன்று சொத்தை என்றால் ஒரு சதவீதம். ஒன்பது என்றால் மூன்று. தேதி, லாட் எண், எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் குறியுங்கள். ஓராண்டு எழுதினால் எந்த மொத்த வியாபாரியின் சரக்கு எப்படி என்று நோட்டே சொல்லும்.

2. சந்தேகமிருந்தால் சரக்கு வந்த அன்றே, அல்லது மறுநாள், மாதிரியுடன் தெரிவியுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சொல்லும் புகாருக்கு மதிப்பில்லை.

3. பழைய பாதாம் தீராமல் அதே டப்பாவில் புதியதைக் கொட்டாதீர்கள். டப்பாவைக் காலி செய்து, இடுக்கில் உள்ள தூளைத் துடைத்து, வெயிலில் காயவைத்த பின் நிரப்புங்கள். நம் கடையின் தங்கல் காய் அந்த இடுக்குத் தூள்தான்.

4. மூட்டையைச் சுவரோடும் தரையோடும் ஒட்டாமல் கட்டை மேல் வையுங்கள். மாதக்கணக்கில் வைப்பதானால் குளிர்பதனக் கிடங்கே நல்லது; 10 டிகிரி செல்சியசுக்குக் கீழும், ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் பூச்சியும் பெருகாது, எண்ணெயும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

5. சிறிய அளவில் உயிருள்ள பூச்சி தென்பட்டால், உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் செத்துவிடும். ஆனால் அந்தச் சரக்கைப் பொறுக்கிச் சுத்தம் செய்யாமல் விற்கக் கூடாது.

6. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் வாயு மனிதரைக் கொல்லும். கடைக்கு மேலேயே குடியிருப்போர் நம்மில் பலர். அது பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் கிடங்கில் செய்யும் வேலை.

7. பொறுக்கிய சொத்தையைத் தனி டப்பாவில் சேர்த்து அழித்துவிடுங்கள். கடைப் பையன்களுக்கும் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். காரணம் தெரியாத பையன் சிந்தியதைத் திரும்ப மூட்டையில்தான் போடுவான்.

கலிபோர்னியா விவசாயி குளிரில் அண்ணாந்து நின்று மரத்துக்கு எத்தனை தங்கல் காய் என்று எண்ணுகிறார். ஆறு மாதம் கழித்து வரப்போகும் புழுவை அன்றைக்கே எண்ணிவிடுகிறார். நாம் எண்ண வேண்டியது 300 பருப்பு. பத்து நிமிட வேலை. அடுத்த மூட்டை பிரிக்கும் அன்றே தொடங்குவோம். அடுத்த முறை வாடிக்கையாளர் பொட்டலத்தோடு திரும்பி வந்தால், பருப்பைப் பிளந்து காட்டி விளக்கம் சொல்ல நம்மால் முடியும். திரும்பி வரும் பொட்டலங்களும் குறையும்.